குளுக்கோஸ் கருவியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது எப்படி?

சர்க்கரை அளவு பார்க்கும் கருவியை ஒருவர் கையில் கொடுத்து, இரத்தத் துளியை வாங்கும் சோதனைப் பட்டையை எப்படிச் செருகுவது, விரலில் எங்கே குத்துவது என்று காட்டிவிட்டால் கற்பித்தல் முடிந்துவிட்டதாகவே பல இடங்களில் கருதப்படுகிறது. அவரும் வீட்டுக்குப் போய், பெரும்பாலும் காலையில் வெறும் வயிற்றில் மட்டும், பரிசோதித்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறார். மாதங்கள் கடந்து பக்கங்கள் நிரம்பினாலும் உணவிலோ மருந்திலோ நடையிலோ ஒன்றும் மாறுவதில்லை. இன்சுலின் போட்டுக்கொள்ளாத இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் வெறுமனே அளந்து எழுதுவதால் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு) பெரிதாகக் குறைவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

அளவீடும் நடவடிக்கையும் இணைந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரைக் கொண்டு வட அமெரிக்காவில் நடத்தப்பட்டு, 1993-இல் முடிவுகள் வெளியான பெரும் ஆய்வில், சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தும் சிகிச்சை பெற்ற குழுவினர் நாளுக்குக் குறைந்தது நான்கு முறை விரலில் குத்தி அளந்து, அந்த எண்களைக் கொண்டு இன்சுலின் அளவைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள். அதுவரை விழித்திரைப் பாதிப்பு இல்லாதிருந்தவர்களிடம் அது புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. அதே குழுவில் கடுமையான தாழ்சர்க்கரை ஏறத்தாழ மூன்று மடங்கு கூடியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் கற்பிப்பவர் இந்த இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. செவிலியர்கள், நீரிழிவுக் கல்வியாளர்கள், வீட்டில் ஒருவருக்கு உதவும் உறவினர்கள் ஆகியோருக்காக எழுதப்படும் இந்த வழிகாட்டி, ஒவ்வொரு எண்ணும் ஏதேனும் ஒரு முடிவுக்குப் பயன்பட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தைச் சுற்றியே அமைகிறது.

கருவியைத் திறப்பதற்கு முன்

பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பாகவே அவர் என்ன மருந்து எடுத்துக்கொள்கிறார் என்று கேளுங்கள். எப்போது, எத்தனை முறை அளக்க வேண்டும் என்பது பெருமளவு அதைப் பொறுத்தே இருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. அவருக்கு உணவின் விளைவைப் புரிந்துகொள்ளவே அளவீடு பெரிதும் பயன்படும். சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடாமல் காப்பது முதல் வேலை. இரவில் நீண்டநேர இன்சுலின் போடுபவர் காலை வெறும் வயிற்று அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த ஊசியின் அளவைத் தீர்மானிப்பது அந்த எண்தான். சாப்பாட்டுக்கு முன் விரைவு இன்சுலின் போடுபவர் ஒவ்வொரு வேளைக்கு முன்பும், உறங்கப் போகும் முன்பும், வாகனம் ஓட்டத் தொடங்கும் முன்பும் பார்க்க வேண்டும்.

அடுத்ததாக, அவருக்கான இலக்கை மருத்துவரிடம் கேட்டு, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கர்ப்பிணி அல்லாத பெரியவர்கள் பலருக்குச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 மி.கி./டெசிலிட்டர், சாப்பிடத் தொடங்கி ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் 180-க்குக் கீழ் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் இலக்கு. கர்ப்பக் காலத்தில் அது இறுக்கமானது: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழ், இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ். முதியவர்களுக்கும், பல நோய்கள் உள்ளவர்களுக்கும், தாழ்சர்க்கரையால் அடிக்கடி தவித்தவர்களுக்கும் இலக்கு தளர்த்தப்படும். பக்கத்து வீட்டுக்காரருடைய இலக்கு தம்முடையது ஆகாது என்பதை முதல் நாளே அவர் அறிந்திருப்பது நல்லது.

அலகையும் ஒரு முறை சரிபாருங்கள். சில நாடுகளில் மி.கி./டெசிலிட்டரும் சில நாடுகளில் மில்லிமோல்/லிட்டரும் வழக்கில் உள்ளன. இரண்டாவதை 18-ஆல் பெருக்கினால் முதலாவது கிடைக்கும். திரையில் 7 என்று கண்டு பதறுபவருக்கு, அது 126-ஐக் குறிக்கிறது என்று விளக்கினாலே போதும்.

விரலும் பட்டையும்

தவறான எண்களில் பெரும்பகுதி கருவியால் வருவதில்லை, கையால் வருகிறது. ஆகவே இந்தப் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள். நீங்கள் செய்துகாட்டுவது பாதி வேலைதான். அவர் தம் கையால், தம் கருவியில் செய்ய, நீங்கள் பேசாமல் பார்த்திருப்பது மறு பாதி.

முதலில் கையைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பு, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அளவைப் பல மடங்கு உயர்த்திக் காட்டக்கூடியது. ஆல்கஹால் பஞ்சால் ஒரு முறை துடைப்பதால் அது முழுமையாகப் போவதில்லை. அந்தப் பொய்யான எண்ணை நம்பி ஒருவர் கூடுதல் இன்சுலின் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தாலே கை கழுவுவதன் முக்கியத்துவம் விளங்கும். விரல் ஈரமாக இருந்தால் இரத்தத் துளி நீர்த்துப்போகும் என்பதால், கழுவுவதைப் போலவே உலர்த்துவதும் அவசியம். வெதுவெதுப்பான நீரில் கழுவினால் இரத்த ஓட்டம் கூடி, துளி எளிதாக வரும்.

குத்த வேண்டிய இடம் விரல் நுனியின் பக்கவாட்டு. நடுப்பகுதியில் நரம்பு முனைகள் மிகுதி என்பதால் அங்கே வலி அதிகம், தொட்டு வேலை செய்யும்போதும் அங்கேதான் உறுத்தும். கையைச் சிறிது நேரம் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி மெல்ல நீவிவிட்ட பிறகு குத்தச் சொல்லுங்கள். துளி சிறியதாக இருக்கிறது என்று பலர் விரல் நுனியை நகம் வெளுக்கும் அளவுக்குப் பிழிவார்கள். அப்படிப் பிழியும்போது திசுக்களுக்கு இடையிலுள்ள நீரும் சேர்ந்து வந்து அளவைக் கெடுத்துவிடுகிறது. துளி வரவில்லை என்றால் ஊசிப் பேனாவின் ஆழத்தை ஒரு படி கூட்டுவதே சரி. பட்டையின் முனையைத் துளியின் ஓரத்தில் தொட வைத்தால் அது தானே உறிஞ்சிக்கொள்ளும். மேலிருந்து அழுத்தவோ, பூசவோ கூடாது. போதாத இரத்தத்தின் மேல் மறுபடியும் ஒரு துளி சேர்ப்பதைச் சில கருவிகளே அனுமதிக்கின்றன. மற்றவற்றில் புதுப் பட்டைதான் எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் வேறு விரல், ஒவ்வொரு முறையும் புது ஊசி. ஊசியையும் ஊசிப் பேனாவையும் வீட்டிலுள்ள மற்றொருவருடன்கூடப் பகிர்ந்துகொள்ளக் கூடாது, ஏனெனில் ஹெபடைடிஸ் பி போன்ற நோய்கள் இந்த வழியாகப் பரவியிருக்கின்றன. பயன்படுத்திய ஊசிகளைத் துளைக்க முடியாத, மூடியுள்ள கெட்டியான டப்பாவில் சேர்த்து, அந்தந்த இடத்து விதிப்படி அப்புறப்படுத்த வேண்டும்.

பட்டை, பார்ப்பதற்கு வெறும் பிளாஸ்டிக் துண்டாகத் தெரிந்தாலும், அதன் நுனியில் நொதி பூசப்பட்டிருக்கிறது. குளுக்கோஸுடன் அந்த நொதி வினைபுரியும்போது எழும் சிறு மின்னோட்டத்தைத்தான் கருவி எண்ணாக மாற்றுகிறது. ஈரப்பதமும் வெப்பமும் நொதியைக் கெடுக்கும் என்பதால், பட்டைகளை அவை வந்த புட்டியிலேயே வைத்து, ஒன்றை எடுத்தவுடன் மூடியை இறுக்கி மூட வேண்டும். பல நிறுவனங்கள் புட்டியைத் திறந்த பிறகு குறிப்பிட்ட மாதங்களுக்குள் பயன்படுத்தச் சொல்கின்றன. ஆகவே திறந்த தேதியைப் புட்டியின் மேல் எழுதிவிடுவது நல்ல பழக்கம். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் பட்டைகளை விட்டுவிடக் கூடாது.

எண்ணை எவ்வளவு நம்பலாம்

ஒரே விரலில் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால் 142 என்றும் 155 என்றும் வரலாம். இதைக் கண்டு, கருவி பழுது என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. ஐஎஸ்ஓ 15197 என்னும் பன்னாட்டுத் தரம் 2013-இல் வகுத்தபடி, 100 மி.கி. மற்றும் அதற்கு மேற்பட்ட அளவுகளில் 95 சதவீத முடிவுகள் ஆய்வக மதிப்பிலிருந்து 15 சதவீதத்துக்குள்ளும், 100-க்குக் கீழே 15 மி.கி.க்குள்ளும் இருந்தால் போதும். அதாவது 142-க்கும் 155-க்கும் இடையிலான வேறுபாட்டில் எந்தச் செய்தியும் இல்லை. 142-க்கும் 240-க்கும் இடையிலான வேறுபாட்டில் இருக்கிறது. இதைச் சொல்லிக் கொடுத்தால் அவர் பட்டைகளை வீணாக்குவதும் குறையும், வீண் கவலையும் குறையும்.

எண்ணும் உடல் உணர்வும் பொருந்தாதபோது கை கழுவி மறுபடியும் பார்க்க வேண்டும். புதுப் பட்டைப் புட்டியைத் திறக்கும்போதும், கருவி கீழே விழுந்தபோதும் குளுக்கோஸ் அளவு முன்பே தெரிந்த கட்டுப்பாட்டுக் கரைசலால் சோதிக்கலாம். கடுமையான இரத்தசோகை உள்ளவர்களிடம் பல கருவிகள் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். வயிற்றுவழி டயாலிசிஸில் ஐகோடெக்ஸ்ட்ரின் கரைசல் பயன்படுத்துபவர்களுக்கு, சில வகைப் பட்டைகள் அந்தக் கரைசலிலிருந்து உடலில் உருவாகும் மால்டோஸ் என்ற சர்க்கரையைக் குளுக்கோஸ் என்று தவறாக எடுத்துக்கொண்டு ஆபத்தான அளவுக்கு உயர்த்திக் காட்டியது உண்டு. இவர்களுக்கு எந்தக் கருவி பொருந்தும் என்பதை மருத்துவக் குழுவிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

எண்களைச் சேர்த்துப் படித்தல்

தனியாக நிற்கும் எண் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. சாப்பாட்டுக்கு முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என இணையாகப் பார்க்கும்போதுதான் அது பேசத் தொடங்குகிறது. காலை உணவுக்கு முன் 112, இரண்டு மணி நேரம் கழித்து 214 என்று ஒருவர் குறித்து வந்திருக்கிறார் என்று கொள்வோம். இரவு முழுவதும் சர்க்கரை சரியாக இருந்திருக்கிறது என்பதை முதல் எண் காட்டுகிறது. இடையில் 102 ஏறியிருப்பது அந்த உணவோ, அதன் அளவோ, அதற்கான மருந்தோ பொருந்தவில்லை என்பதைக் காட்டுகிறது. அவரிடம், "என்ன சாப்பிட்டீர்கள்? எவ்வளவு? அதன் பிறகு உட்கார்ந்திருந்தீர்களா, நடந்தீர்களா?" என்று கேட்டு, மறுநாள் ஒரே ஒரு மாற்றம் செய்து அதே இரண்டு நேரங்களில் பார்க்கச் சொல்லுங்கள். மாவுச்சத்தைப் பாதியாகக் குறைக்கலாம், அல்லது சாப்பிட்டதும் கால்மணி நேரம் நடக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டால் எதனால் குறைந்தது என்பது தெரியாமல் போய்விடும். தம் கையால் செய்த இந்தச் சிறு சோதனையில் 214 என்பது 168 ஆவதைக் காணும் ஒருவருக்கு, உணவுப் பட்டியல் எதுவும் தர முடியாத தெளிவு கிடைக்கிறது.

பட்டைகள் குறைவாக இருந்தால் நாள்தோறும் ஒரு வேளை உணவை மட்டும் மாற்றி மாற்றி இணையாகப் பார்க்கலாம். மருத்துவரைச் சந்திக்கப் போகும் வாரத்தில், மூன்று நாள்கள் தொடர்ந்து, மூன்று வேளைக்கு முன்னும் பின்னும் உறங்கும் முன்பும் என ஏழு எண்கள் எடுத்துப் போனால், மருத்துவர் உறுதியாக முடிவெடுக்க அது மிகவும் உதவும். உயர்ந்த எண் ஒன்றைக் கண்டதும் மருந்தின் அளவைத் தாமே மாற்றக் கூடாது. இரண்டு மூன்று நாள்கள் ஒரே நேரத்தில் ஒரே போக்கு தெரிந்தால்தான் அது பொருட்படுத்தத்தக்கது. முதல் வகை நீரிழிவு உள்ளவர் உடல்நலமின்றி இருக்கும்போது 250-ஐத் தாண்டினால் கீட்டோனையும் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலப் பொருள்) பரிசோதித்து, மருத்துவக் குழுவைத் தொடர்புகொள்ள வேண்டும்.

தாழ்ந்த எண்ணுக்குப் பொறுத்திருக்கக் கூடாது

போக்கு தெரியும்வரை காத்திருக்கலாம் என்ற விதி 70-க்குக் கீழே செல்லாது. அங்கே ஓர் எண் கண்டவுடன், உடனே உறிஞ்சப்படும் மாவுச்சத்து 15 கிராம் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்து, இன்னும் தாழ்ந்திருந்தால் மீண்டும் எடுக்க வேண்டும். குளுக்கோஸ் மாத்திரை, சர்க்கரை கரைத்த நீர், பழச்சாறு ஆகியவை பொருந்தும். கொழுப்பு கலந்த சாக்லேட் மெதுவாகவே உறிஞ்சப்படும் என்பதால் பொருந்தாது. 54-க்குக் கீழே இறங்கினால் மூளையின் செயல்பாடே தடுமாறத் தொடங்கும் என்பதால், உடனிருப்பவருக்கும் இந்தப் பாடம் தேவை. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சர்க்கரையை உயர்த்தும் அவசர மருந்தான குளுக்ககான் இருந்தால் கொடுத்து, அவசர உதவியை அழைக்க வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு இருந்து கருவி கைக்கெட்டவில்லை என்றால், முதலில் சர்க்கரையை எடுத்துக்கொண்டு பிறகு கருவியைத் தேடட்டும்.

சென்சார் பயன்படுத்துபவர்களுக்கு

தோலில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து திரையில் எண்ணாகவும் கோடாகவும் காட்டும் சென்சார் இரத்தத்தை அளப்பதில்லை. திசுக்களுக்கு இடையிலுள்ள நீரில் இருக்கும் குளுக்கோஸையே அளக்கிறது. இரத்தத்தில் நிகழும் மாற்றம் அங்கே போய்ச் சேரச் சில நிமிடங்கள் ஆகும். சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த இடைவெளி நன்றாகத் தெரியும். இதை ஒருவர் முழுமையாக உள்வாங்கிக்கொள்ளாவிட்டால் இரண்டு வகையான ஆபத்து நேர்கிறது. தாழ்சர்க்கரைக்குப் பழச்சாறு குடித்த பின்னும் திரையில் எண் ஏறாதிருப்பதைக் கண்டு, மேலும் மேலும் குடித்து, ஒரு மணி நேரத்தில் 250-இல் போய் நிற்பார். அல்லது, சாப்பிட்ட பின் உயர்ந்த கோடு இறங்கவில்லை என்ற பதற்றத்தில் இன்சுலின் மேல் இன்சுலின் போட்டு, எல்லாம் ஒன்றாக வேலை செய்யத் தொடங்கும்போது சரிந்து விழுவார். விரைவு இன்சுலின் போட்டு முடித்த பிறகும் சில மணி நேரம் உடலில் வேலை செய்துகொண்டிருக்கும் என்பதைச் சென்சார் கொடுப்பதற்கு முன்பே சொல்லிக் கொடுங்கள். தாழ்சர்க்கரைக்குச் சிகிச்சை எடுத்த பின் பார்க்கும் முதல் எண் விரலிலிருந்து வருவதே நல்லது.

எண்ணைவிட, சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத் திரையில் காட்டும் அம்புக்குறி முக்கியமான நேரங்கள் உண்டு. 110 என்று காட்டி அம்பு கிடையாக இருந்தால் நிம்மதியாகப் படுக்கப் போகலாம். அதே 110-க்குப் பக்கத்தில் அம்பு செங்குத்தாகக் கீழ்நோக்கி இருந்தால், படுக்கும் முன் ஏதேனும் சாப்பிட்டாக வேண்டும். இந்த இரண்டு படங்களையும் தாளில் வரைந்து காட்டி, "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்பது எனக்குப் பிடித்த பயிற்சி. எண்ணை மட்டும் பார்ப்பவர் யார், அம்பையும் பார்ப்பவர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இரவில் சென்சார் இருக்கும் கையை அழுத்தியபடி படுத்தால், அந்த இடத்தில் ஓட்டம் குறைந்து, இல்லாத தாழ்சர்க்கரை இருப்பதாகக் கருவி அலறும். புரண்டு படுத்தால் கொஞ்ச நேரத்தில் கோடு மேலே வந்துவிடும். ஐயம் இருந்தால் விரலில் பார்த்துவிட வேண்டும். புதுச் சென்சார் ஒட்டிய முதல் நாளில் துல்லியம் சற்றுக் குறைவாக இருக்கலாம். சில சென்சார்களில் அதிக அளவு வைட்டமின் சி-யும், சிலவற்றில் பாரசிட்டமால் அல்லது ஹைட்ராக்சியூரியாவும் எண்ணைக் கூட்டிக் காட்டும் என்பதால், புது மருந்து எது தொடங்கினாலும் கையேட்டைப் பார்ப்பது அவசியம்.

எச்சரிக்கை ஒலிகளில் தேவையானவற்றை மட்டும் முதலில் இயக்குங்கள். எல்லாவற்றையும் இயக்கிவிட்டால், இரவெல்லாம் விழித்து அலுத்துப்போனவர் ஒரு வாரத்தில் உயிர்காக்கும் ஒலியையும் சேர்த்து அணைத்துவிடுவார். தாழ்நிலை எச்சரிக்கையை உறுதிப்படுத்திக்கொண்டு, உயர்நிலை எச்சரிக்கையைத் தொடக்கத்தில் சற்று உயரமாக வைத்து, பழகப் பழக இறக்கலாம்.

அறிக்கையைப் படிக்கும்போது, 14 நாள்களின் தரவில் சென்சார் குறைந்தது 70 சதவீத நேரம் இயங்கியிருக்க வேண்டும். 70-க்கும் 180-க்கும் இடையில் கழிந்த நேரம் 70 சதவீதத்துக்கு மேலும், 70-க்குக் கீழ் கழிந்த நேரம் 4 சதவீதத்துக்குக் குறைவாகவும், 54-க்குக் கீழ் 1 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருப்பது, 2019-இல் வெளியான பன்னாட்டு ஒருமித்த கருத்தின்படி பெரும்பாலானோருக்கான இலக்கு. முதியவர்களுக்கு இலக்கு எல்லைக்குள் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் போதும். ஆனால் 70-க்குக் கீழான நேரம் 1 சதவீதத்தைக்கூடத் தாண்டக் கூடாது. எப்போதும் தாழ்ந்த நேரங்களை முதலில் பாருங்கள். அவற்றைச் சரிசெய்த பிறகே உயர்ந்த நேரங்களுக்குப் போக வேண்டும்.

பேசும் விதம்

கருவியைப் பற்றிய எல்லாப் பாடங்களையும்விட இது கடினமானது. "ஏன் இவ்வளவு ஏறியிருக்கிறது?" என்ற கேள்வி, கேட்பவருக்கு அக்கறையாகத் தோன்றினாலும், நோயாளியின் காதில் குற்றச்சாட்டாகவே விழுகிறது. அப்படித் திட்டு வாங்கியவர் அடுத்த முறை விருந்து நாள்களில் அளப்பதையே தவிர்த்துவிடுவார், அல்லது குறிப்பேட்டில் 230-ஐ 130 என்று எழுதிவிடுவார். பொய்யான குறிப்பேட்டை நம்பி மருந்து எழுதப்படும்போது அதன் விளைவை அவர் உடல்தான் சுமக்கிறது. இப்படிப்பட்ட குறிப்பேடு கையில் கிடைத்தால், அதை எழுதியவரைவிட, உண்மையை எழுத அஞ்சும்படி செய்த நம் பேச்சையே முதலில் திருத்த வேண்டும். "நல்ல எண்", "மோசமான எண்" என்ற சொற்களை விட்டுவிட்டு, "இலக்குக்குள்", "இலக்குக்கு மேல்" என்று சொல்லிப் பழகுங்கள். உயர்ந்த எண்ணை மறைக்காமல் எழுதி வந்தவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள்.

"புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போனதும் உங்கள் மகளுக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டால், புரியாத இடம் தானாக வெளிப்படும். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். முதல் நாள் சரியாக அளப்பதும், தாழ்ந்த எண்ணுக்கு என்ன செய்வது என்பதும் போதும். பார்வை குறைந்தவருக்குப் பேசும் கருவி, விரல் நடுங்குபவருக்கு அகலமான பட்டை, எண் படிக்கத் தடுமாறுபவருக்கு நிறத்தால் காட்டும் திரை என்று ஆளுக்கேற்ற கருவியைத் தேர்ந்தெடுங்கள். பட்டைகள் வாங்கப் பணம் போதாதவரிடம் அதை வெளிப்படையாகக் கேட்டு, அவரால் முடிந்த எண்ணிக்கைக்கு ஏற்பத் திட்டம் வகுத்துக் கொடுங்கள்.

ஒரு மாதம் கழித்து, கருவி, பட்டைப் புட்டி, ஊசிப் பேனா மூன்றையும் எடுத்து வரச் சொல்லி, அவர் ஒரு முறை அளப்பதைத் தொடக்கத்திலிருந்து பாருங்கள். கருவியின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள், ஏனெனில் காலை எண் மாலை நேரத்தில் பதிவாகியிருந்தால் அந்த அறிக்கை முழுவதும் தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். நினைவகத்திலுள்ள கடைசி இரண்டு வாரத்து எண்களைச் சேர்ந்து பார்த்து, இவற்றில் எந்த எண்ணைக் கண்டு அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். ஒன்றும் செய்யவில்லை என்றால், எந்த நேரத்து அளவீட்டை நிறுத்திவிட்டு எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று இருவருமாகத் தீர்மானித்து, குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள்.